ஈரத்தில் அளந்த கிலோமீட்டர்!

"மாமா, ஒரு தடவை சார்ஜ் போட்டா 421 கிலோமீட்டர்! ராணிப்பேட்டையிலேர்ந்து மெட்ராஸ் போய், திரும்பி வந்து, மறுபடியும் மெட்ராஸ் போகலாம்!"

"மறுபடியும் எதுக்குடா போகணும்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மாமா..."

ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பரை முழுசாகப் பிரிக்கவில்லை, காபி பாதி டம்ளர் பாக்கி. அதற்குள் மச்சான் கையில் ஒரு ஃபைலோடு வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டான். நமக்குக் கல்யாணம் ஆனபோது அரை டிராயர் போட்டுக்கொண்டு ஐஸ்க்ரீமுக்கு அழுத ஆள். இப்போது வயது 28. சிப்காட் பக்கம் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆபீஸ் உத்தியோகம். ஃபைலுக்குள் 2024-லிருந்து கத்தரித்துச் சேர்த்த எலெக்ட்ரிக் கார் விளம்பரங்கள். பத்தாம் கிளாஸ் பரீட்சைக்கு இவ்வளவு சேகரித்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பான்.

விஷயம் இதுதான். நம் மாமனார் முப்பத்து சொச்சம் வருடம் தோல் ஷாப்பில் அளவு போடும் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பி.எஃப்., கிராஜுவிடி என்று வந்த பணத்தில் நாலு லட்சம் பாங்கில் தூங்குகிறது. 'அதை முன்பணமாகப் போடு, மீதியை லோன் வாங்குகிறேன், மாசாமாசம் பெட்ரோல் மிச்சத்திலேயே டியூவைக் கட்டிவிடுவேன்' என்பது மச்சான் கட்சி. 'கடைசிப் பொண்ணு கல்யாணத்துக்கு வெச்ச பணம்' என்பது மாமியார் கட்சி. மாமனார் எந்தக் கட்சியிலும் சேராமல், "மாப்பிள்ளை பி.காம். படிச்சவரு, அவரு கணக்குப் போட்டுச் சொல்லட்டும்" என்று பந்தை நம் தலையில் அடித்துவிட்டார்.

பி.காம். படித்ததற்காக இதுவரை அடியேனுக்குக் கிடைத்த ஒரே மரியாதை இது. விடுவேனா? பேனாவை எடுத்தேன்.

421 எங்கிருந்து வந்தது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்காரர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் எழுதிய பரீட்சை அப்படி.

காரை ரோட்டில் ஓட்டி இந்த நம்பரைக் கண்டுபிடிப்பதில்லை. பரிசோதனைக் கூடத்தில், உருளைகள் மேல் காரை நிறுத்தி, நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றவிடுவார்கள். எந்த விநாடி எந்த வேகம் என்று ஒரு அட்டவணை உண்டு. 'மாடிஃபைட் இந்தியன் டிரைவிங் சைக்கிள்' என்று அதற்குப் பெயர். அட்டவணையில் இரண்டு பாகம். முதல் பாகம் டவுன் ஓட்டம், அதிகபட்சமே 50 கிலோமீட்டர் வேகம்தான். இரண்டாம் பாகத்தில் வேகம் 90 வரை போகும். ஏ.ஸி. கிடையாது. பின் சீட்டில் மாமியார் கிடையாது. டிக்கியில் அரிசி மூட்டை கிடையாது.

2024 வரைக்கும் பல விளம்பரங்களில் வந்தது முதல் பாகத்து மார்க் மட்டும்! அதற்குப் பிறகு இரண்டு பாகத்தையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். என்ன ஆயிற்று? டாடா டியாகோவில் 24 யூனிட் பாட்டரி, 315 கிலோமீட்டர் என்றிருந்தது 275 ஆனது. நெக்ஸானில் 40.5 யூனிட் பாட்டரி, 465 என்றிருந்தது 390 ஆனது. மச்சான் ஃபைலில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கும் பஞ்ச், அந்த 421-ஏ 365 ஆகிவிட்டது. கார் மாறவில்லை, பாட்டரி மாறவில்லை, கேள்வித்தாள் மாறியது. அவ்வளவுதான்!

(யூனிட் என்றால் நம் வீட்டு மீட்டரில் ஓடுகிற அதே யூனிட்தான். 35 யூனிட் பாட்டரி என்றால் 35 லிட்டர் டாங்க் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.)

இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஈஸிசேரில் கண்ணை மூடியிருந்த மாமனார் மெதுவாகச் சிரித்தார்.

"இது நம்ம ஷாப் கதையா இல்ல இருக்குது!"

"என்ன மாமா?"

"தோலை அடிக் கணக்குலதான விக்கிறோம்? ஈரமா இருக்கும்போது பலகையில இழுத்து ஆணி அடிச்சா, பத்தடி தோலு பத்தரை அடி காட்டும். அளந்தா பத்தரைதான், பொய் இல்ல. ஆனா வாங்கினவன் ஊருக்குப் போய்க் காஞ்சப்புறம் அளப்பான் பாருங்க, அப்ப தெரியும். ஈரத்துல அளந்தது விக்கிறவன் அளவு. காஞ்சு அளந்ததுதான் வாங்கிறவன் அளவு."

சார், இருபது பக்கம் எழுதியிருந்தாலும் என்னால் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

காய்ந்த பிறகு எவ்வளவு?

இதற்குக் கம்பெனிக்காரர்களிடமே பதில் இருக்கிறது. 2024-ல் டாடா 'சி 75' என்று ஒரு கணக்கை வெளியிட ஆரம்பித்தது. நூற்றுக்கு 75 வாடிக்கையாளர்களுக்கு நிஜ ரோட்டில் கிடைக்கக்கூடிய தூரம் என்று அர்த்தம். 45 யூனிட் நெக்ஸானுக்குப் பரிசோதனைக் கூடத்து அளவு 489. சி 75 அளவு 350 முதல் 370. 55 யூனிட் கர்வ் காருக்கு 585. சி 75-ல் 400 முதல் 425. ஆக, விற்பவரே நூற்றுக்கு இருபத்தைந்து முப்பதைக் கழித்துவிட்டார். இப்படிச் சொன்னதற்கு ஒரு சபாஷ் போடலாம்.

நமக்கு இன்னும் கொஞ்சம் கழிவு உண்டு. ஏனென்றால் நம் வண்டி ஓடப் போவது சென்னை-பெங்களூர் நாலு வழிச் சாலையில். 80-ல் போகிற காரை 100-ல் விரட்டினால் காற்றின் எதிர்ப்பு மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. பெட்ரோல் கார் டவுனில் குடிக்கும், ஹைவேயில் மிச்சம் பிடிக்கும். எலெக்ட்ரிக் கார் நேர் எதிர். டவுன் நெரிசலில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கரண்டைத் திரும்ப பாட்டரிக்கு அனுப்பி மிச்சம் பிடிக்கும்; ஹைவேயில் செலவாளி. போதாக்குறைக்கு வேலூர் வெயில். சித்திரை மாசம் நடுப்பகலில் ஏ.ஸி. இல்லாமல் காரில் உட்கார்ந்தால் நாமே ஆம்பூர் பிரியாணி மாதிரி தம்மில் வெந்துவிடுவோம்.

அதனால் அடியேன் ஒரு கஞ்சக் கணக்கு வைத்திருக்கிறேன். விளம்பர நம்பரில் மூன்றில் இரண்டு பங்கு. அவ்வளவுதான் நம்முடையது. மச்சான் ஃபைலில் இருந்ததையெல்லாம் இப்படிக் காயவைத்துப் பார்த்தோம். (எல்லாம் கார் அறிமுகமான சமயத்துக் கணக்கு. விலையும் பாட்டரியும் தக்காளி மாதிரி மாறிக்கொண்டே இருக்கின்றன.)

எம்.ஜி. காமெட் 2023-ல் வந்தது. 17.3 யூனிட், விளம்பரத்தில் 230. நமக்கு 150. ஊருக்குள் சுற்ற, குழந்தையை ஸ்கூலில் விட நல்ல வண்டி.

டியாகோ 24 யூனிட். 315-ல் நமக்கு 210.

பஞ்ச் 35 யூனிட், 2024 ஜனவரி. 421-ல் நமக்கு 280.

எம்.ஜி. விண்ட்ஸர் 38 யூனிட், 2024 செப்டம்பர். 332-ல் நமக்கு 220. இன்னும் கொஞ்சம் கூடவே தரலாம், நம் கணக்கு கஞ்சம் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

நெக்ஸான் 45 யூனிட். 489-ல் 325.

ஹூண்டாய் க்ரெட்டா எலெக்ட்ரிக், 2025 ஜனவரி. 51.4 யூனிட், 473-ல் 315. நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் சரக்கு.

வின்ஃபாஸ்ட் வி.எஃப். 6, வியட்நாம் கம்பெனி. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் தொழிற்சாலை திறந்து அங்கேயே பூட்டுகிறார்கள். 59.6 யூனிட், 468-ல் 312.

மஹிந்திரா பி.ஈ. 6, 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமானது. பெரிய பாட்டரி 79 யூனிட், 682-ல் 455. இந்தப் பக்கத்தை மச்சான் லாமினேட் பண்ணி வைத்திருந்தான். சாமி படம் மாதிரி தூரத்திலிருந்து கும்பிட்டுவிட்டு அடுத்த பக்கம் போனோம்.

கிருஷ்ணகிரியில் ஒரு மதியம்

இந்தக் கஞ்சத்தனம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அனுபவம் சார், அனுபவம்!

போன வருடம் தெரிந்தவர் ஒருவரின் எலெக்ட்ரிக் காரில் பெங்களூர் கல்யாணத்துக்குக் கிளம்பினோம். கார் பெயர் வேண்டாம், 'நானூற்றுச் சொச்சம்' ஜாதி. இங்கிருந்து பெங்களூர் சுமார் 230 கிலோமீட்டர். நானூறு எங்கே, 230 எங்கே? சினிமா டிக்கெட் எடுத்தவன் மாதிரி தெம்பாக உட்கார்ந்தேன். நாலு பெரிய மனிதர்கள், ஏ.ஸி. ஃபுல், ஸ்பீடு 100.

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டும்போதே பாட்டரி சதவீதம் நம் பாங்க் பாலன்ஸ் மாதிரி இறங்குவதைக் கவனித்தேன். வாணியம்பாடி வந்ததும் ஓட்டியவர் ஏ.ஸி.யைக் குறைத்தார். அதற்கப்புறம் காருக்குள் யாரும் அரசியல் பேசவில்லை. கிருஷ்ணகிரி வந்தபோது 44 சதவீதம். பாக்கி 90 கிலோமீட்டர் சொச்சம்தானே, போய்விடலாமே என்றால், போகலாம்தான். ஆனால் அது ஏற்றம். ராணிப்பேட்டை கடல் மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர், பெங்களூர் 900 மீட்டருக்கு மேல். அத்தனை உயரத்துக்கு ஒன்றே முக்கால் டன்னைத் தூக்குவதற்கு மட்டுமே மூன்றரை யூனிட் ஆகும். அதாவது இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட்டம், சும்மா ஏறியதற்கே போயிற்று! (திரும்பி வரும்போது இறக்கத்தில் ஒரு பகுதி வந்துவிடுகிறது. மலை கடன் வாங்கினால் வட்டி பிடித்துக்கொண்டாவது திருப்பித் தரும்.)

சரியென்று ஒரு ஓட்டல் வாசலில் சார்ஜரைக் கண்டுபிடித்தோம். இரண்டு துப்பாக்கியில் ஒன்று வேலை செய்யவில்லை. மற்றொன்றில் ஏற்கெனவே ஒரு கார். அவர் உள்ளே மெதுவாக மீல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரசம் முடிந்து மோருக்கு வந்துவிட்டாரா என்று நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். காத்திருந்தது 40 நிமிஷம், சார்ஜ் ஏற 40 நிமிஷம். முகூர்த்தம் போய், தாம்பூலப் பைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

அன்று கற்ற பாடம் இன்னொன்றும் உண்டு. ஃபாஸ்ட் சார்ஜர் என்பது 80 சதவீதம் வரைக்கும்தான் ஃபாஸ்ட். அதற்கு மேல் பாட்டரியைக் காப்பாற்றுவதற்காக வேகம் குறைந்துவிடும். கீழே 15 சதவீதத்துக்கு இறங்கினால் நமக்கு நெஞ்சு படபடக்கும். ஆக வெளியூர்ப் பயணத்தில் ஒரு சார்ஜரிலிருந்து அடுத்த சார்ஜருக்கு நமக்குக் கையில் கிடைப்பது 65 சதவீதம்தான். 421 என்றது 280 ஆகி, நடுவழியில் 180 ஆகிவிடுகிறது. இதைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் டென்ஷனே இல்லை. தெரியாமல் கிளம்பினால் தாம்பூலப் பைதான்.

லவ்பேர்டும் பனப்பாக்கமும்

நியாயத்தையும் சொல்ல வேண்டும். இந்தத் தூரமே பெரிய சாதனை. 1993-ல் டெல்லி வாகனக் கண்காட்சியில் 'லவ்பேர்ட்' என்று ஒரு மின்சாரக் கார் வந்தது. கேரளத்துச் சாலக்குடியிலும் நம் கோயமுத்தூரிலும் தயாரான இரண்டு சீட் வண்டி. ஒரு சார்ஜுக்குச் சுமார் 60 கிலோமீட்டர். 2001-ல் பெங்களூரிலிருந்து சேத்தன் மைனியின் 'ரேவா' வந்தது. சுமார் 80. அதன்பின் 2020 ஜனவரியில் முதல் நெக்ஸான், 30.2 யூனிட், 312 என்று வந்தபோதுதான் நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரன் நிமிர்ந்து பார்த்தான். ஈயப் பாட்டரி போய் லித்தியம் வந்ததுதான் காரணம். அதிலும் இரும்பு-பாஸ்பேட் வகை லித்தியம் வெயிலைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், ரொம்ப நாள் உழைக்கும்.

நம்ம ஊருக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆம்பியர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தொழிற்சாலை 2021-ல் ராணிப்பேட்டையில்தான் திறந்தார்கள். 2024 செப்டம்பர் 28-ல் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ்-ஜாகுவார் லேண்ட் ரோவர் கார் தொழிற்சாலைக்கு முதலமைச்சர் ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். 9,000 கோடி ரூபாய் திட்டம். தோல் வாசனையும் குரோமியக் கழிவும்தான் ராணிப்பேட்டை என்று வெளியூர்க்காரன் மூக்கைப் பிடித்த காலம் மாறப் போகிறது என்று மச்சானுக்கு நெஞ்சு நிமிர்கிறது. எனக்கும்தான். ஆனால் நெஞ்சு நிமிர்ந்தால் டியூ குறையாதே!

இனி பி.காம். கணக்கு

பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய், 16 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைப்போம். கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 40 காசு.

எலெக்ட்ரிக் காருக்கு, சார்ஜ் ஏறும்போது சூடாக வீணாவதையும் சேர்த்து, வீட்டு மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். யூனிட் 10 ரூபாய் என்று தாராளமாக வைத்தேன். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 60 காசு.

"பத்து ரூபாயா? நமக்கு அவ்வளவு கிடையாதே!" என்று மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். இப்போது கிடையாது. ஆனால் இரண்டு மாசத்துக்கு 300 யூனிட் எரிக்கிற வீட்டில், மாசம் 1,500 கிலோமீட்டர் ஓடுகிற காரை மாட்டினால் மீட்டர் 780-ஐத் தொட்டுவிடும். நம் ஊர்க் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழே உள்ள யூனிட்டுக்கு இருந்த சலுகை விலையும் போய்விடும். கார் வாங்கினால் இட்லி மாவு அரைக்கிற கரண்டுக்கும் விலை ஏறும் என்பது எந்த விளம்பரத்திலும் இல்லை.

சர்வீஸில் ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது கிடையாது. அதற்கு ஒரு இருபது காசு சேர்த்து, கிலோமீட்டருக்கு மொத்தம் 5 ரூபாய் மிச்சம் என்று எழுதினேன். மச்சான் கைதட்டினான்.

"இரு, இனிமேல்தான் இருக்கு."

ஒரே அளவு பெட்ரோல் காருக்கும் எலெக்ட்ரிக் காருக்கும் விலை வித்தியாசம் 4 லட்சம் என்று வைப்போம். 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. எலெக்ட்ரிக்குக்கு 2019-லிருந்தே 5 சதவீதம்தான். ஆக இடைவெளி கொஞ்சம் அகன்றதே தவிரக் குறையவில்லை. இந்த 4 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி, மாசம் 3,000 ரூபாய். சொந்தப் பணமாக இருந்தால் பாங்க் வட்டி கொஞ்சம் குறைவு, ஆனால் அதுவும் இழப்புத்தான். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். மிச்சத்தைக் கூட்டுவோம், வட்டியைக் கழிக்க மாட்டோம்.

மாசம் 3,000 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் 15,000. வட்டி போக, இரண்டரை வருடத்தில் அந்த 4 லட்சம் அடைந்துவிடும். டாக்ஸிக்காரர், மெடிக்கல் ரெப், வாலாஜாவிலிருந்து தினம் காஞ்சிபுரம் போய் வருகிறவர், யோசிக்காமல் வாங்கலாம்.

மாசம் 1,500 என்றால் மிச்சம் 7,500. அடைய 5 வருடம் 8 மாசம். பரவாயில்லை ரகம்.

மாசம் 700 என்றால் மிச்சம் 3,500. அடைய 21 வருடத்துக்கு மேல்!

மாசம் 600 என்றால் மிச்சம் 3,000. வட்டியும் 3,000. ஆயுசுக்கும் அடையாது! நீங்கள் பாங்குக்குக் கார் ஓட்டுகிறீர்கள்.

பாட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டமும் உண்டு. விண்ட்ஸர் வந்த புதிதில், பாட்டரியோடு பதிமூன்றரை லட்சம். பாட்டரி இல்லாமல் 9.99 லட்சம், பிறகு கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். அந்த மூன்றரையோடு கரண்டு 1.60 சேர்த்தால் 5.10. பெட்ரோல் 6.40. குறைவாக ஓட்டுகிறவருக்கு முதலீடு மிச்சம், நிறைய ஓட்டுகிறவருக்கு லாபம் பாட்டரிக்காரருக்கு. மாசம் இத்தனை கிலோமீட்டருக்குக் குறையாமல் பணம் கட்ட வேண்டும் என்று ஷரத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய பாட்டரியா, சின்ன பாட்டரியா? பஞ்சில் 25 யூனிட் 10.99 லட்சத்திலும், 35 யூனிட் 12.99 லட்சத்திலும் ஆரம்பித்தன. வித்தியாசம் 2 லட்சம். விளம்பரத்தில் 106 கிலோமீட்டர் கூட, நம் கணக்கில் 70. தினமும் அந்த 70 தேவைப்பட்டால் கொடுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை குலதெய்வம் கோயிலுக்குப் போவதற்காக என்றால், 2 லட்சத்துக்கு வருட வட்டியே 18,000. அதில் டிரைவரோடு வாடகைக் கார் எடுத்து, பின் சீட்டில் தூங்கிக்கொண்டே போய் வரலாம்.

கேட்டுக்கொள்ள வேண்டியவை

பிளக்: சொந்தமாகப் பார்க்கிங்கும் பிளக்கும் இல்லாதவர் அவசரப்பட வேண்டாம். பொது ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 20 ரூபாய்க்கு மேல் போகிறபோது கிலோமீட்டர் செலவு 3 ரூபாயைத் தாண்டிவிடும், லாபத்தில் மூன்றில் ஒரு பங்காவது காலி. ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கே முகம் சுளிக்கிற ஹவுஸ் ஓனரிடம் கார் பிளக் கேட்டுப் பாருங்கள், வாடகை எவ்வளவு ஏறுகிறதென்று! வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு மூன்று யூனிட்டுக்கு உள்ளேதான் ஏறும். 35 யூனிட் பாட்டரிக்கு ஒரு முழு ராத்திரி. எர்த்தை எலெக்ட்ரீஷியன் பார்த்தே ஆக வேண்டும்.

வாரண்டி: பொதுவாக பாட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். அதற்குள் பாட்டரி பெரும்பாலும் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் மாற்றுவார்கள். ஆயுட்கால வாரண்டி என்பது முதல் ஓனருக்கு மட்டும் என்று பொடி எழுத்தில் இருக்கும். விற்கும்போது அது விலையில் தெரியும்.

வரி: தமிழ்நாட்டில் எலெக்ட்ரிக் வண்டிக்குச் சாலை வரி விலக்கு என்பது தேதி போட்டுத் தருகிற சலுகை. புக் பண்ணும் அன்று எந்தத் தேதி வரை என்று எழுதி வாங்குங்கள். வருமான வரியில் கார்க் கடன் வட்டிக்குக் கழிவு உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது 2023 மார்ச் 31-க்குள் சாங்ஷன் ஆன கடனுக்கு மட்டும்.

ஆம்பூர் பரீட்சை

இனி மச்சான் கேஸ். "எவ்வளவு ஓட்டுவே?"

"மாசம் 1,500 மாமா. வாரத்துக்கு ரெண்டு நாள் ஆம்பூர் யூனிட்டுக்குப் போய் வரணும். 150 கிலோமீட்டர். ஆபீஸ் வீடு தினம் 12. அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும்."

ஆம்பூர் போய்த் திரும்ப 150. கையிருப்பு 40 வைத்தால் நிஜத்தில் 190 வேண்டும். டியாகோவின் 210 இன்றைக்குப் போதும். ஆனால் எட்டாவது வருடம் பாட்டரி 70 சதவீதம் ஆனால் 147. பள்ளிகொண்டா வரைக்கும் போய்த் திரும்பலாம், பிரியாணி கிடைக்காது. பஞ்சின் 280, எழுபது சதவீதம் ஆனாலும் 196. பாஸ்! மாசம் 1,500 ஓடினால் ஆறு வருடத்துக்குள் அடைந்துவிடும். "வாங்கலாம் மாமா" என்று தீர்ப்பெழுதிவிட்டு நிமிர்ந்தேன். மாமியார் முகம் வாடியது. மச்சான் ஷோரூமுக்கே போன் போட எழுந்துவிட்டான்.

மாமனார் மட்டும் அசையவில்லை. ஒரு பழைய காலண்டர் டைரியை எடுத்து நீட்டினார். "இன்னா அவசரம்? ஒரு மாசம் எங்க போனாலும் எத்தினி கிலோமீட்டருன்னு இதுல எழுது. பைக்கோ, பஸ்ஸோ, கம்பெனி வேனோ, அதையும் எழுது. கார் இருந்தா எது எது கார்ல போவேன்னு டிக் அடி. அப்புறம் பணம் எடுக்கலாம்."

மச்சான் முணுமுணுத்துக்கொண்டே எழுதினான். ஒரு மாசம் ஆயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் பார்த்தோம்.

வாரத்துக்கு இரண்டு ஆம்பூர், மாசத்துக்கு எட்டு. அதில் ஆறு தடவை கம்பெனி வேனிலேயே போய்விட்டான். சாம்பிள் பெட்டிகளோடு எப்படியும் வேன் போகிறதாம். காரில் போகக்கூடியது இரண்டு. ஆபீஸ், ஆஸ்பத்திரி, சினிமா, ஆற்காடு மக்கன்பேடா எல்லாம் சேர்த்து மொத்தம் 640 கிலோமீட்டர்.

640-க்கு மிச்சம் 3,200. வட்டி 3,000. அந்த 200 ரூபாயை வைத்து 4 லட்சம் அடைய எத்தனை வருடம் என்று மச்சானையே கால்குலேட்டரில் போடச் சொன்னேன். அசல் குறையக் குறைய வட்டி குறைவதையும் சேர்த்து, 31 வருடம்!

கார் லாபத்துக்கு வரும் அன்று மச்சானுக்கு வயது 59. ரிட்டயர்மெண்ட் பார்ட்டிக்கு அதிலேயே போகலாம், கார் உயிரோடு இருந்தால்.

பணம் பாங்கிலேயே இருக்கிறது. மாமியார் எனக்கு மட்டும் இரண்டு வடை கூடப் போட்டார். மச்சான் ஃபைலை மூடிவிட்டு, "421-ன்னு சொல்லி ஏமாத்தப் பாத்தாங்க மாமா" என்று பெருமூச்சு விட்டான்.

மாமனார் ஈஸிசேரில் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"அவங்க காரை ஈரத்துல அளந்தாங்க, சரி. நீ மாசம் 1,500-ன்னு உன்னையே ஈரத்துல அளந்தியே, அதை யாருகிட்ட போய்ச் சொல்றது?"